இரும்பு பம்பர் யோகம்

மஹிந்திரா தார் வாங்கிய கையோடு சிலருக்கு ஒரு மனக்குறை வந்துவிடுகிறது. மலையேறும் வண்டிக்குப் பிளாஸ்டிக் பம்பரா! உடனே பின்னால் இரும்பு பம்பர், ஸ்டெப்னியைச் சுமக்க அதிலேயே ஒரு சுழலும் கை.

காரணம் என்னவோ நியாயமானதுதான். பெரிய டயர் போட்டால் ஸ்டெப்னியும் பெரிதாகும். பின்கதவின் கீல் பாவம், அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. பாரத்தை சேஸிஸுக்கு மாற்றுவது நல்ல இன்ஜினியரிங். பெரிய டயர் எதற்கு என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

மாட்டும்போது போல்ட் துளை அரை விரல் தள்ளி நிற்கும். “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்” என்று மெக்கானிக் கிரைண்டரை எடுப்பார். பெயின்ட் போன இடத்தில் அடுத்த மழைக்குத் துரு. ரிவர்ஸ் சென்சார் புது இரும்பைப் பார்த்தே ஓயாமல் அலறும். நம்பர் பிளேட்டுக்கு வேறு இடம் தேட வேண்டும். அப்புறம் ஒரு கட்டுக் கீரையை எடுக்கக்கூட நான்கு கட்டம்: கொக்கியை விடு, டயரைத் தள்ளு, கதவைத் திற, கண்ணாடியைத் தூக்கு. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பது ஐந்தாவது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளரின் வடிவமைப்பை மீறி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-இல் சொல்லிவிட்டது. பம்பர் வாங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மலையேறத்தான் இத்தனையும் என்றால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அரசுப் பேருந்து தினமும் ஏறி இறங்குகிறது.