ஓசியில் ஓர் ஒப்பாரி

ஜெர்மனியின் ஹனோவர் நகரத்து ஹைஸெ பதிப்பகம், 'தி எச்' என்ற தன் ஆங்கிலத் தொழில்நுட்பச் செய்தித்தளத்தை 2013 ஜூலையில் மூடியது. லினக்ஸ், கணினிப் பாதுகாப்பு, கட்டற்ற மென்பொருள் என்று எழுதிக்கொண்டிருந்த தளம். காரணத்தை நிர்வாகம் ஒளிக்கவில்லை: ஆள் வருகிறது, காசு வரவில்லை.

உடனே எழுந்தது பாருங்கள் ஓர் ஒப்பாரி! இதைப்போல் இனி உண்டா, காலைக் காப்பி எப்படி இறங்கும், முன்பே சொல்லியிருந்தால் பணம் கொடுத்திருப்போமே! அந்தக் கடைசி வரி எனக்குப் பழக்கமானது. நம் சிற்றிதழ்களின் கருமாதி தோறும் கேட்பதுதான். சொல்பவர் அநேகமாக மூன்று வருடச் சந்தா பாக்கி வைத்தவராக இருப்பார்.

சந்தா போகட்டும், விளம்பரமாவது சோறு போட்டிருக்கலாம். அதை மறைக்கும் உலாவி நீட்சியான ஆட்பிளாக் பிளஸ்ஸின் நிறுவனமும் ஜெர்மனியில்தான், கொலோன் நகரில். அதன் பெயர் ஐயோ. சத்தியமாக, பெயரே அதுதான். ஜாதகம் பார்த்து வைத்ததுபோல! ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற பெரும் பதிப்பகம் அதன்மேல் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 2018-இல் தோற்றுத் திரும்பியது.

நான் மட்டும் யோக்கியனா? 'தி எச்' மூடிய சேதியைப் படித்து உச்சுக் கொட்டியபோது, என் உலாவியின் மூலையில் ஆட்பிளாக் பிளஸ்ஸின் அந்தச் சிவப்பு எண்கோணம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இரங்கல் செய்தியில்கூட இரண்டு விளம்பரங்களைத் தடுத்துவிட்டிருந்தது.