மந்தமானவர் ஊரில் ஐந்து கிகாஹெர்ட்ஸ்

பொழிச்சலூர் என்றாலே சனீஸ்வரர்தான். அகத்தீஸ்வரர் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி. வட திருநள்ளாறு என்று பெயர். சனிக்கிழமைகளில் நல்லெண்ணெய் தீபமும் கூட்டமுமாக இருக்கும். நவகிரகங்களில் அவரைப் போல் நிதானம் யாருக்கும் கிடையாது. ஒரு ராசியைக் கடக்கவே இரண்டரை வருடம் எடுத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரின் ஊரில், அதுவும் கத்திரி வெயிலில், என் தங்கை மகன் பிராசஸரை ஓவர்க்ளாக் செய்ய உட்கார்ந்தான்.

"4.5 கிகாஹெர்ட்ஸ்ல கட்டிப்போட்டு வித்திருக்கான் மாமா. நான் அஞ்சுக்கு அவுத்து விடப்போறேன்."

பழைய பைத்தியம்தான் இது. 1998-ல் இன்டெல்லின் 300 மெகாஹெர்ட்ஸ் செலரானை வாங்கி, 450-ல் ஓட்டி, விலை கூடிய பென்டியம்காரர்களை வெறுப்பேற்றியவர்கள் உண்டு. 2011-ல் ஏஎம்டி தன் எஃப்எக்ஸ் பிராசஸரை 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை விரட்டி கின்னஸில் ஏறியது. அதற்கு ஊற்றியது திரவ ஹீலியம். மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கிற சரக்கு. நம்மவனிடம் இருந்தது, ஹாலிலிருந்து கடத்திய டேபிள் ஃபேன்.

வில்லங்கமே சூடுதான். வேகத்தைக் கூட்டினால் பிராசஸர் தடுமாறும், ப்ளூ ஸ்கிரீன் வரும். தடுமாறாமல் இருக்க வோல்டேஜை ஏற்ற வேண்டும். சூடோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். பயாஸுக்குள் போய் 1.2 வோல்ட்டை 1.35 ஆக்கினான். பேப்பரில் கணக்குப் போட்டேன்: வேகம் 11 சதவீதம் கூடுதல், சூடு 40 சதவீதம் கூடுதல். மீட்டர் வட்டிக்காரர்கூட இதைவிடக் கருணை காட்டுவார்.

ராத்திரியில் ஓடியது. "140 எஃப்.பி.எஸ். இருந்தது, 150 ஆயிடுச்சு!" என்று கூவினான்.

"உன் மானிட்டர் விநாடிக்கு 60 படம்தானே காட்டும்? மிச்சம் 90 எங்கடா போகுது?"

"அது ஃபீல் மாமா. உங்களுக்குப் புரியாது."

மறுநாள் மத்தியானம் அறைக்குள் 38 டிகிரி. ஃபேன் எத்தனை வேகமாகச் சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்தான். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் தலைக்கு மேல் போகும்போது மட்டும் அந்த இரைச்சல் கேட்கவில்லை. திரை மூலையில் 92, 96, 99. நூறைத் தொட்டதும் பிராசஸர் தன் உயிரைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்து, 4.2-ல் வந்து நின்றது. வாங்கியபோது இருந்ததைவிடக் கம்மி. சனீஸ்வரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இப்போது ஏசி வேண்டுமாம். ஒன்றரை டன். தனக்கில்லையாம், சிபியூவுக்காம்.

என் தங்கை ஒத்துக்கொண்டுவிட்டாள். "வாங்கலாம்டா. என் ரூம்ல மாட்டிக்கலாம். நீ பெட்டியைத் தூக்கிட்டு வந்து அங்கேயே வச்சுக்கோ. ஒம்பது மணிக்கு லைட்டை அணைச்சிடுவேன்."