மூன்று பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். கூகுள் விளம்பரத்தில் கடைக்காரர் எழுதும் சொல்லுக்கும் வாடிக்கையாளர் தேடும் சொல்லுக்கும் மூன்றே மூன்று: பிராட், ஃப்ரேஸ், எக்ஸாக்ட். கிழக்குத் தாம்பரம் ஏசி மெக்கானிக் 'ஏசி சர்வீஸ் தாம்பரம்' என்று வெறுமனே எழுதிப்போட்டால் அது பிராட். மெக்கானிக் வேலை தேடும் சேலையூர் பையனும், ஏசியை நானே கழுவுவது எப்படி என்று தேடும் குரோம்பேட்டைச் சிக்கனக்காரரும் விளம்பரத்தைத் தட்டலாம். ஒவ்வொரு தட்டலுக்கும் மொய் கடைக்காரருடையது.

எக்ஸாக்டுக்கு மாறினால் தப்பலாமா? 2018 முதல் அதற்கும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போக வேண்டியதில்லை. அதே பொருள் வந்தால் போதும். பொருள் ஒன்றா என்று முடிவு செய்பவரும் தட்டலுக்குக் காசு வாங்குபவரும் ஒரே தரகர்!

வரன் தேடித்தரும் பாரத் மேட்ரிமோனியே தப்பவில்லை. அதை நடத்திய சென்னை நிறுவனமான கன்சிம் இன்ஃபோ, தன் பெயரைத் தேடினால் போட்டியாளர் விளம்பரம் வருகிறதென்று கூகுள் மீது வழக்குப் போட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதியிடம் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

ஆகவே கடைக்காரரே, யார் எதைத் தேடி வந்தார்கள் என்ற அறிக்கையை வாராவாரம் பாருங்கள். 'வேலை', 'நானே', 'இலவசம்' மூன்றையும் இன்றைக்கே நெகட்டிவ் பட்டியலில், அதாவது விளம்பரம் காட்டக்கூடாத சொற்களின் பட்டியலில், போடுங்கள். தரகர் தானாகப் போடமாட்டார்.