பில்லுக்குள் பொருளா, பொருளுக்குள் பில்லா?

கே: ஓ.ஆர்.எம். என்றால் ஒரே வரியில்?

ப: ஆப்ஜெக்ட் பேசும் மொழிக்கும் டேபிள் பேசும் மொழிக்கும் நடுவே நிற்கும் துபாஷி. ஜாவாவில் இந்த வேலைக்குப் பேர்போனது ஹைபர்னேட். 2001-ல் கேவின் கிங் தொடங்கியது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை வைத்துத்தான்.

கே: பெயர், விலையெல்லாம் சமர்த்தாகப் பொருந்துகின்றன. கலெக்ஷன் வந்தால் மட்டும் ஏன் இந்தப் பாடு?

ப: பெயர் ஒரு கட்டத்தில் அடங்கும். ஒரு பில்லில் உள்ள 12 பொருளை எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்? ஒரு கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்பது எட்கர் காட் 1970-ல் வகுத்த ஒழுங்கு. ஆகவே பொருள்களுக்குத் தனி டேபிள். அங்கேதான் உறவு தலைகீழாகிறது. ஜாவாவில் பில்லின் கையில் பொருள்கள். டேபிளிலோ ஒவ்வொரு பொருளும் தன் பில் எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிற்கிறது; பில்லுக்குத் தன் பொருள்கள் எவை என்றே தெரியாது. கலெக்ஷன் மேப்பிங்கில் வரும் குழப்பத்தில் பாதி இதிலிருந்து பிறப்பதுதான்.

கே: பில்லின் லிஸ்டில் பொருளைச் சேர்த்துச் சேமித்தேன். பொருளும் டேபிளில் ஏறிவிட்டது. ஆனால் பில் எண் இருக்க வேண்டிய இடம் காலி!

ப: உறவை எதிர்ப்பக்கம் கவனிக்கும் என்று சொல்லும் குறிப்பு ‘மேப்ட்பை’. அதை எழுதிய பக்கம், இங்கே பில், வெறும் கண்ணாடி; பேனா எதிர்ப்பக்கம், பொருளிடம் இருக்கிறது. பொருளிடம் ‘உன் பில் இது’ என்று நீங்கள் சொல்லவே இல்லை. லிஸ்டில் சேர்ப்பது, பொருளிடம் பில்லைச் சொல்வது இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஒரு மெத்தட் எழுதி, எல்லோரும் அதன் வழியாகவே சேர்க்கும்படி செய்யுங்கள்.

கே: லிஸ்டா, செட்டா?

ப: முதலில் ஒன்று: டேபிளுக்கு வரிசை கிடையாது. வரிசையைச் சொல்லும் நெடுவரிசை ஒன்றை நீங்கள் கொடுக்காவிட்டால், உங்கள் லிஸ்டை ஹைபர்னேட் ‘பேக்’ என்றே நடத்தும். பொருத்தமான பெயர். எதை முதலில் போட்டீர்கள் என்று பைக்குத் தெரியுமா? ‘ஆர்டர்காலம்’ கொடுத்தால் 0, 1, 2 என்று இடம் பதிவாகும். ஆனால் முதல் பொருளை நீக்கினால் பின்னால் உள்ள அத்தனைக்கும் எண் மாற்ற வேண்டியிருக்கும். படிக்கும்போது தேதிப்படி வந்தால் போதும் என்றால் ‘ஆர்டர்பை’ போதும்.

செட்டில் வேறு கண்ணி. ஐடியை வைத்து ஹேஷ்கோடு எழுதியிருப்பீர்கள். சேமிக்கும் முன் ஐடி இல்லை, சேமித்ததும் வந்துவிடும், ஹேஷ் மாறிவிடும். பிறகு கண்ணெதிரே இருக்கும் பொருளையே செட் ‘இல்லை’ என்று சாதிக்கும். பார்கோடு போல முதலிலிருந்தே மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: ‘மேப்ட்பை’, பில் எண் நிற்கும் நெடுவரிசையைச் சொல்லும் ‘ஜாயின்காலம்’ இரண்டையும் எழுதாமல் விட்டால்?

ப: நடுவில் மூன்றாவதாக ஒரு இணைப்பு டேபிள் முளைக்கும். என் பழைய பிராஜெக்ட் ஒன்றில் அப்படித்தான் விட்டிருந்தோம். 200 பொருளில் ஒன்றை நீக்கினோம். லாகில் வந்தது ஒரு டிலீட், 199 இன்சர்ட். பையில் எது எது என்று அடையாளம் இல்லாததால், கொட்டிவிட்டுத் திரும்ப அடுக்கியிருக்கிறது. அன்றிலிருந்து எஸ்.க்யூ.எல். லாகைப் பார்க்காமல் நான் எந்த மேப்பிங்கையும் ஏற்பதில்லை.

கே: 100 பில் காட்டும் பக்கம் ஆமையாக ஊர்கிறது.

ப: பில்களுக்கு ஒரு குவெரி, ஒவ்வொரு பில்லின் பொருள்களுக்கும் ஒவ்வொன்று: மொத்தம் 101. பில்லையும் பொருளையும் சேர்த்தே எடுக்கும் ‘ஜாயின் ஃபெட்ச்’ போட்டால் ஒன்றில் முடியும். ஒரு குவெரிக்கு 25 பில்லின் பொருள்கள் வரும்படி பேட்ச் அளவு 25 வைத்தால் பொருள்களுக்கு 4, ஆக 5.

கே: பேசாமல் எல்லாவற்றையும் ஈகர் ஆக்கி, பில்லோடு எப்போதும் சேர்ந்தே வரும்படி செய்துவிட்டால்?

ப: வேண்டவே வேண்டாம். பில் தேதியை மட்டும் கேட்டாலும் பொருள்கள் மூட்டையாக வந்து இறங்கும். ஒரே குவெரியில் 10 பொருளும் 5 கட்டணப் பதிவும் சேர்ந்தால் பெருகி 50 ரெக்கார்டு. இரண்டும் பேக் என்றால் ஹைபர்னேட் எர்ரர் காட்டி நிறுத்தும். சிலர் லிஸ்டைச் செட்டாக்கி அதன் வாயை அடைப்பார்கள். எர்ரர் போகும், 50 ரெக்கார்டு போகாது. ஒன்றை ஒரு குவெரியிலும் மற்றதை அடுத்ததிலும் எடுங்கள்.

கே: லிஸ்டிலிருந்து விலகியதை டேபிளிலிருந்தும் நீக்கும் ‘ஆர்ஃபன் ரிமூவல்’ போட்ட பழைய லிஸ்டை எடுத்துவிட்டுப் புது லிஸ்ட் வைத்தேன். சண்டைக்கு வருகிறது.

ப: யார் விலகினார், யார் சேர்ந்தார் என்று ஹைபர்னேட் கணக்கு வைத்திருந்தது அந்தப் பழைய லிஸ்டில். அதையே காலி செய்து அதிலேயே நிரப்புங்கள்.

கே: ஒரு வாடிக்கையாளருக்கு 40,000 பில். எந்தக் கலெக்ஷன் நல்லது?

ப: எதுவும் வேண்டாம். பில்லிடம் வாடிக்கையாளர் இருந்தால் போதும். 20, 20 ஆகக் குவெரியில் எடுங்கள். கலெக்ஷனை ஜாயின் ஃபெட்ச் செய்துகொண்டே பக்கம் பிரிக்கச் சொன்னால், ஹைபர்னேட் மொத்தத்தையும் மெமரிக்குக் கொண்டுவந்துதான் 20-ஐ நறுக்கும். லாகில் ஒரு எச்சரிக்கை வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.