மீனுக்கு அரசாணை வாசிச்சுக் காட்டு, மருமவனே

இரி மருமவனே. விசைப்படகு வாங்கப் போறியாம்லா? எந்தத் துறைமுகத்துல கட்டுறதுன்னு கேக்க வந்தியே, அதுலதான் ஒனக்குப் புத்தி இருக்குன்னு தெரியுது. ஏன்னா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல மீனு ரெண்டு கணக்குல சூல் கொள்ளுது. மீன்பிடித் தடைக்கால ஆணையில சர்க்காரு அப்படித்தான் எழுதி வச்சிருக்கு. சின்னமுட்டத்து மீனு கிழக்குக் கடலு. ஏப்ரல் 15-ல முட்டையிட ஒதுங்கும், ஜூன் 14 ராத்திரியோட எந்திச்சிரும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்து மீனு மேக்குக் கடலு. அது ஜூன் 1-ல படுத்தா ஜூலை 31 வரைக்கும் எந்திக்காது. ரெண்டுக்கும் 61 நாளுதான், ஓரவஞ்சனை இல்ல. நடுவுல உள்ள எல்லைய சாளை எப்படிக் கண்டுபிடிக்குங்கதுதான் எனக்கு இன்னும் பிடிபடல. ஜூன் முதல் 14 நாளும் ரெண்டு பக்கமும் அடைப்பு. அப்ப மட்டும் மாவட்டம் பூரா மீனுக்கு ஒரே சர்க்காரு.

சிரிக்காதே. 45 நாளா இருந்ததை 2017-ல 61 ஆக்குனப்ப ஒங்கப்பன் கொடி பிடிச்சுக்கிட்டுப் போனான். தடை முடிஞ்ச மொத வாரத்துல மடி நிறைய அள்ளிக்கிட்டு வந்தவனும் அவன்தான். அதை மட்டும் எந்தக் கூட்டத்துலயும் அவன் பேசுனதில்ல.

வலைக்கண்ணு விசயத்துல சூதானமா இரி. இழுவைமடி வால்ல கண்ணு 40 மில்லிமீட்டருக்குக் கொறையப்பிடாது. அளக்க வாறவருக்குக் கரையில காயப்போட்ட மடியக் காட்டு. கண்ணு ஒவ்வொண்ணும் விரிஞ்சு கெடக்கும். அதே மடிய எஞ்சின் இழுத்து, பாரம் ஏற ஏற, கண்ணு நீண்டு ஒட்டிப்போவும். தளத்துல கொட்டிப் பாரு: விரல் நீளத்துல சங்கரா, வாளைக்குஞ்சு, பொடி நண்டு. எல்லாம் கோழித்தீவனத்துக்குக் கூடைக்கணக்குல போவும். கொச்சியில இருக்குற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரங்க, வால்ல சதுரக்கண்ணு வச்சா ஒட்டாதுங்காவ. வாங்கிப் போட்டுராதே, குஞ்செல்லாம் தப்பிச்சுப் போயிரும்லா!

சுருக்குமடி ஆசையும் இருக்கா? 2000-லயே நம்ம சர்க்காரு தடுத்தாச்சு. 2023-ல உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டுது: 12 கடல் மைலுக்கு அப்பால, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணியிலேர்ந்து சாயங்காலம் 6 மணி வரை. தாலுகா ஆபீஸுக்கு மனு கொடுக்க வாறது மாதிரி சாளைக் கூட்டம் அந்த நேரத்துக்கு வந்து வரிசையில நிக்கும்போல.

கரையோரமா மட்டும் வந்துராதே, அது வள்ளக்காரன் பாடு. வாறதா இருந்தா, என் மவன் வலை எங்க கெடக்குன்னு கேட்டுக்கிட்டு வா. அறுத்தா அவன் சட்டமெல்லாம் பேசமாட்டான்.

தடைக்காலத்துல குடும்பத்துக்கு 8000 ரூவா நிவாரணம் உண்டு. வகுத்துப் பாரு, நாளுக்கு 131. லட்சக்கணக்குல கடன் எடுத்துப் படகு வாங்குனவன் அதுக்குக் கையெழுத்துப் போட வரிசையில நிக்குறது தனி அழகு.

எந்தத் துறைமுகம்னுதான கேட்டே? சின்னமுட்டத்துல கட்டு. ஒனக்கு மே மாசம் கல்யாணம்னு ஒங்கம்மா சொன்னா. லீவு கேட்டு எவன்கிட்டயும் நிக்க வேண்டாம்.