போடிங் அண்ணன்

கண்டிக்கு வேலைக்கு வரும் இளைஞனுக்கு முதலில் ஓர் அண்ணன் கிடைப்பார். வீடு அதற்குப் பிறகுதான். கட்டுகஸ்தோட்டையிலும் அம்பிட்டியவிலும் பேராதனைப் பக்கமும் மலைச்சரிவைக் குடைந்து கட்டிய வீடுகள் ஏராளம். வீதி மட்டத்தில் வீட்டுக்கார ஆன்ட்டி. படி இறங்கினால் அனெக்ஸ். அங்கே ஜன்னலோரக் கட்டில் யாருடையதோ அவரே போடிங் அண்ணன். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாதவர். தம்பிமார் வருவார்கள், போவார்கள். கட்டில் கைமாறாது.

மரியாதை விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. சம்பளம் எவ்வளவு என்று யாரிடமும் கேட்கமாட்டார், அது அநாகரிகம். “தம்பி, ஈ.பி.எப். எவ்வளவு வெட்டுறாங்க?” என்று மட்டும் விசாரிப்பார். நம் எதிர்காலத்தில் மனிதருக்கு இவ்வளவு அக்கறையா என்று உருகி, தம்பி “4,800 அண்ணே” என்பான். ஊழியரிடம் வெட்டுவது 8 வீதம். அண்ணன் கூரையை ஒருதரம் பார்ப்பார். “அறுபதாயிரமா! ட்ரீட் எப்போ?”

கூடவே ஆலோசனையும் வரும். “முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போடணும், ஈ.டி.எப். 3 வீதம் தனியா போகணும். போகுதான்னு பாரு. இல்லேன்னா தொழில் திணைக்களத்துக்கு எழுது.” ஆலோசனை அச்சொட்டாகச் சரி. அதனால்தான் அவர் சொல்லும் மற்றக் கணக்குகளையும் தம்பிமார் நம்பிவிடுகிறார்கள்.

லைட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கட்டணம். தாண்டிவிட்டால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டணம். ஆகவே அனெக்ஸில் நடக்கும் வழக்கெல்லாம் அந்த அறுபத்தோராவது யூனிட் யாருடையது என்பதுதான். கண்டி மழையில் காயாத சட்டையை ஒருவன் அயர்ன் பண்ணியே காயவைத்திருப்பான். இன்னொருவன் குளிர் தாங்காமல் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் குளித்திருப்பான். அண்ணன் பெயர் சொல்லமாட்டார். சுவரைப் பார்த்துப் பொதுவாக வருத்தப்படுவார். விடியவிடிய கிரிக்கெட் காட்டும் அவருடைய ரீவி பற்றி யாரும் பேசுவதில்லை. மூத்தவரைச் சொல்வது அழகா?

எசல பெரஹரா வந்தால் இன்னொரு சோதனை. கும்பல் பெரஹரா 5 இரவும் அண்ணன் வழக்கம்போல் தூங்குவார். ரந்தோலி 5 இரவுக்கும் ஹற்றனிலிருந்து அவருடைய சொந்தபந்தம் பாயும் தலையணையுமாக வந்து இறங்கும். தம்பிமார் குசினிக்குக் குடிபெயர்வார்கள். தண்ணீர் பில் வழக்கம்போல் நாலாகப் பிரியும். எப்படி வாய் திறப்பது? அண்ணனின் சின்னம்மா கையால் சுட்ட முறுக்கை இரண்டு நாளாகத் தின்றாயிற்றே!

வாடகைக் கணக்கு இதற்கெல்லாம் தலைமைக் கணக்கு. மூன்று தம்பிமாரும் ஆளுக்கு 15,000 ரூபாய் அண்ணன் கையில் கொடுப்பார்கள். அவர் என்வலப்பில் போட்டுப் பயபக்தியோடு மேலே கொண்டுபோவார். நாலு பேருக்கு 60,000 என்பது தம்பிமாரின் அனுமானம். அண்ணன் ஊருக்குப் போன ஒருநாள், ஆன்ட்டி படியிறங்கி வந்து அரைத் தமிழில் கேட்பார்: “தம்பி, நாப்பத்தஞ்சாயிரம் இன்னும் தரல்லதானே?”

அன்றிரவு மாநாடு.

“கேட்டுருவோமா?”

“எப்படிடா? ஈ.பி.எப். பத்தி நமக்குச் சொல்லித் தந்த மனுசன்.”

“நீ கேளு. நீதான் பக்குவமா பேசுவ.”

ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒருவன் கலியாணம் என்பான், ஒருவன் கொழும்புக்கு மாற்றம் என்பான், இரண்டும் பொய். அண்ணன் கண்கலங்கி வழியனுப்புவார். அட்வான்ஸ்? “சுவருக்குப் பெயின்ட் அடிக்கணுமே தம்பி.”

அவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. வாடகையை ஏற்ற வந்த ஆன்ட்டியைச் சிங்களத்தில் பேசிச் சமாளித்தவர் அவர். குழாய் உடைந்த இரவில் ஆள் பிடித்து வந்தவரும் அவரே. அந்த வேலைக்குக் கூலி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் பாதித் தம்பிமார் மகிழ்ச்சியாகவே கொடுத்திருப்பார்கள். அவர் கேட்கமாட்டார், இவர்களும் கேட்கமாட்டார்கள். இந்த இரண்டு தாட்சணியங்களுக்கும் நடுவில்தான் மாதாமாதம் காசு காணாமல் போகிறது.

ஆகவே, கண்டிக்கு வரும் தம்பி தங்கைகளே, கீழே இறங்கிக் கட்டிலைப் பார்க்குமுன் மேலே போய் வாடகையை ஆன்ட்டியிடமே கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் எழுத்தில் வாங்குங்கள். பில்லைச் சுவரில் ஒட்டுங்கள். அண்ணன் கோபிப்பாரோ என்று பயப்பட வேண்டாம். அவர் மரியாதை தெரிந்தவர். முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லமாட்டார்.