ஏற்காட்டைவிடத் தாழ்ந்த ஊரில் ஒரு குளிர்காலம்

கால்கரி, கனடா

மகா-ள-ஸ்ரீ சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். குளிர் மட்டும் அபரிமிதமான ஆரோக்கியத்துடன் இருக்கிறது.

நாமக்கல் பட்டறையில் லாரிகளுக்குப் பாடி கட்டியே தலை நரைத்த தங்களுக்கு, படுக்கை, சமையலறை, கழிப்பறை சகிதம் சக்கரத்தின் மேல் ஏறி நிற்கும் மோட்டார் ஹோம் என்னும் வாகனத்தைப் பற்றி எழுதுவது, கொல்லிமலைக்காரரிடம் கொண்டை ஊசி வளைவைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்கு ஒப்பாகும். ஆயினும் டிசம்பர் விடுமுறையை பான்ஃப் நகரத்து டனல் மவுண்டன் முகாமில் கழிப்பதென்று என் தர்மபத்தினியும் குழந்தைகளும் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டபடியால், என் சிரமங்களைத் தங்களிடமன்றி வேறு யாரிடம் முறையிடுவேன்?

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். பான்ஃப் 1,400 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. உயரத்தில் ஏற்காடே மூத்தது. ஆனால் அங்கே ஸ்வெட்டர் போதும். இங்கே ஜனவரியில் பாதரசம் சில நாட்களில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கிவிடுகிறது.

முதற்கவலை தண்ணீர். உறையும்போது அது பருத்துக் குழாயைப் பிளந்துவிடும் என்பதால், விவேகிகள் இலையுதிர்காலத்திலேயே நீரை வடித்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் நிரப்பி, வண்டியைப் போர்த்தி மூடிவிடுகிறார்கள். அந்த விவேகம் எங்கள் வீட்டில் வாக்கெடுப்பில் தோற்றுப்போயிற்று. ஆகவே நான் தரையில் மல்லாந்து கிடந்து, குழாய்களுக்கு மின்சாரச் சூட்டுக் கம்பி சுற்றி, காற்றுப் புகாதபடி வண்டியின் அடிப்பக்கத்தைச் சுற்றி நுரைப்பலகை அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது காஸ். டேங்கர் லாரிகளின் தலைநகரத்தில் வசிக்கும் தாங்கள் அறியாததல்ல: நம் வீட்டு சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்ய டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுத்துச் சிலிண்டருக்குள் திரவமாகவே சயனித்துவிடும். புரொப்பேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரி வரையில் தன் கடமையைச் செய்யும். எனவே இங்கே புரொப்பேனுக்கே பட்டாபிஷேகம்.

இவ்வளவு பிரயாசைப்பட்டு உள்ளே சூடேற்றிய பின், கூரை ஜன்னலைச் சற்றே திறந்து வைக்கவேண்டும் என்கிறார்கள்! நாம் விடும் மூச்சும் சோற்றுக்கஞ்சியின் ஆவியும் சுவரில் படிந்து, நீராகி, பூஞ்சணம் பூக்குமாம். அடுப்பின் விஷவாயுவை மோப்பம் பிடித்து அலறும் கருவியொன்றையும் படுக்கையருகே பொருத்தியிருக்கிறேன். பாட்டரி குளிரில் பாதி பலத்தை இழந்துவிடுகிறது. என்ஜினையோ இரவு முழுவதும் மின்சாரத்தில் செருகி வைத்தால்தான் காலையில் கண் விழிக்கிறது.

ராஜஸ்தான் வெயிலுக்கும் காஷ்மீரச் சாலைக்கும் சலிக்காமல் ஓடும் நம்மூர் டிரைவர்கள், ஓய்வெடுப்பதற்காக இத்தனை உழைக்கும் ஜனங்களைக் கண்டால் என்ன சொல்வார்களோ அறியேன்.

நிற்க. சின்னவன் பனியைப் பார்க்க டிசம்பரில் புறப்படத் துடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவனை ஜூலையில் அனுப்புங்கள். டிசம்பரிலேயே வந்து தீருவதென்றால், பட்டறையிலிருந்து நல்ல பிட்டர் ஒருவரையும் கூட அனுப்பிவையுங்கள்.